கொழும்பில் இலவச டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு டிஷ் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

மாதக் கட்டணமின்றி இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் சேவையைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு டிஷ்ஷும் பெட்டியும் வாங்குவோர் கொழும்பில் பலர். அவர்களுள் கணிசமானோர் சில மாதங்களில் அதைக் கைவிட்டு, "டிஜிட்டல் எங்கள் இடத்துக்குச் சரிவராது" என்று அயலவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் புதியவர்கள் பொருத்திய டிஷ்களைத் திருத்திப் பார்த்ததில், பழுது பெரும்பாலும் வேலை செய்த ஒழுங்கிலேயே இருந்ததைக் கண்டேன்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய அன்ரெனாப் படம் சமிக்ஞை குறையக் குறையப் புள்ளி புள்ளியாக மங்கும். ஆகையால் அன்ரெனா சரியாக இல்லை என்பதை நாம் கண்ணாலேயே அறிந்தோம். டிஜிட்டல் படம் அப்படி மங்காது. ஒரு எல்லைவரை முழுத் தெளிவோடு நிற்கும், எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். அந்த எல்லைக்கு மிக அருகில் பொருத்தப்பட்ட டிஷ்ஷும் முதல் நாளில் மிகச் சிறந்த படத்தையே காட்டும். எனவே படம் வந்துவிட்டது என்பது வேலை முடிந்ததற்குச் சான்றாகாது.

1. வாங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள்

யார் எந்த அலைவரிசையை, எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே பிற்பாடு மிகுதியாக ஏமாற்றமடைகிறார்கள். இந்தச் சேவையில் இந்தி அலைவரிசைகளே அதிகம். 2024 ஜனவரிவரை பொதிகை என்ற பெயரில் இயங்கிய டிடி தமிழ் இதில் உண்டு; ஆனால் எங்கள் வீடுகளில் இரவுத் தொடர்களுக்காகப் பார்க்கப்படும் இந்தியக் கட்டண அலைவரிசைகளை இதில் எதிர்பார்க்கக் கூடாது. தனியார் அலைவரிசைகளுக்கான இடங்களை இந்தியாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி ஏலத்தில் விடுகிறது. ஆகவே இன்று இருக்கும் ஓர் அலைவரிசை அடுத்த வருடம் இல்லாமற் போகலாம். அது உங்கள் டிஷ்ஷின் குற்றமன்று.

ரூபவாஹினி, நேத்ரா, வசந்தம், சக்தி முதலிய உள்ளூர் அலைவரிசைகள் இந்த டிஷ்ஷில் வாரா. அவற்றுக்காக இருக்கும் அன்ரெனாவைக் கழற்ற வேண்டாம். டிஷ் வந்த மகிழ்ச்சியில் அதைக் கழற்றி வீசிவிட்டு, மறுநாள் மாலைச் செய்திக்கு அலைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதே நேரத்தில் புதிய தொலைக்காட்சியும் வாங்குவதாயின் ஒரு சொல்: தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி-டி. இந்தியாவின் தரைவழி டிஜிட்டல் முறையோ டி.வி.பி-டி2. அங்கிருந்து கொண்டுவரும் தொலைக்காட்சியில் "டிஜிட்டல் ட்யூனர் உண்டு" என்று அட்டையில் இருப்பதை நம்பி இங்குள்ள வருங்காலத்துக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

2. உங்கள் இடத்திலிருந்து அந்த வானம் தெரிகிறதா என்று பாருங்கள்

சேவை வருவது கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து. கொழும்பிலிருந்து பார்த்தால் அது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, அடிவானத்திலிருந்து 72 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல் உள்ளது. காலி வீதிப் பக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சற்று வலப்புறம் திரும்பி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் இடம் அது.

இந்த உயரம் எங்களுக்குச் சாதகமானது. டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 30 மீற்றர் எழும் கட்டடம்கூட 10 மீற்றருக்கு அப்பால் நின்றால் தடையாகாது. "முன்னால் புதுத் தொடர்மாடி எழும்பியதால்தான் படம் போயிற்று" என்று சொல்வோரிடம் முதலில் அந்தத் தூரத்தைக் காலடியால் அளக்கச் சொல்கிறேன். பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கிறது.

பல்கனியில் பொருத்துவோருக்கோ இதே உயரம் பாதகமாகிறது. டிஷ்ஷுக்கு 2 மீற்றர் மேலே அடுத்த மாடியின் சிலப் இருந்தால், அந்தச் சிலப் டிஷ்ஷைத் தாண்டி வெளியே 65 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் வானம் மறைந்துவிடும். நடைமுறையில், டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் பொருத்த வேண்டியிருக்கும். கடலைப் பார்த்த பல்கனியில் இது அறவே ஆகாது. மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். தொடர்மாடியின் கூரை எல்லோருக்கும் பொதுவானது என்பதால், துளையிடுமுன் முகாமைக் குழுவின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பிறகு கழற்றச் சொன்னால் முழு வேலையும் வீண்.

3. பொருட்களைச் சேர்த்த பின்பே கூரைக்கு ஏறுங்கள்

டிஷ்: 60 சென்ரிமீற்றரில் படம் வரும், ஆனால் கொழும்பு மழைக்கு 75 அல்லது 90 வாங்குவதே நல்லது. 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பரப்பு 60இன் பரப்பைப் போல் 2.25 மடங்கு. அந்தக் கூடுதல் சமிக்ஞை வெயில் நாளில் தெரியாது. மழை நாளில்தான் அதன் பயன் தெரியும்.

பெட்டி: டி.வி.பி-எஸ்2 (செய்மதி ஒளிபரப்பு முறை) மற்றும் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) இரண்டையும் ஏற்பதாக இருக்க வேண்டும். பழைய எம்பெக்-2 பெட்டியை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். சில அலைவரிசைகள் வரும், சில வாரா, நீங்கள் டிஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இவற்றுடன் யூனிவர்சல் எல்.என்.பி (டிஷ்ஷின் கை நுனியில் இருந்து சமிக்ஞையை வாங்கும் கருவி), ஒரே துண்டாக ஆர்ஜி-6 கேபிள், முறுக்கிப் பூட்டுவதைவிட அழுத்திப் பூட்டும் வகை எஃப் கனெக்டர்கள், நீர்புகாத ரப்பர் டேப், ஸ்பனர், தூக்குக்குண்டு ஆகியனவும், கீழே திரையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் தேவை. கடலோரத்தில் இருப்பவர்கள் நட்டு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரண போல்ட் இறுகிப்போனால், அடுத்த முறை டிஷ்ஷை ஒரு பாகை திருப்பவும் முடியாது.

4. கம்பத்தை நேராக நிறுத்துங்கள்

தூக்குக்குண்டை இரண்டு பக்கங்களிலிருந்து பிடித்துப் பாருங்கள். கம்பம் சரிந்திருந்தால், டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் அதன் உயர்கோணமும் சேர்ந்து மாறும். ஒன்றைத் திருத்த மற்றது கெடும். புதியவர்கள் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்று களைத்துப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பத்து நிமிடம் இங்கே செலவிடுங்கள்.

5. மூன்று கோணங்கள்: இந்தியக் காணொளிகளின் எண்களை எடுக்காதீர்கள்

இந்தப் படியில்தான் மிகப் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் கிடைக்கும் செய்முறைக் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே செய்மதிதான், ஆனால் கோணங்கள் வேறு.

திசைக்கோணம், அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவது: சென்னைக்கு 134 பாகை, யாழ்ப்பாணத்துக்கு 125, கொழும்புக்கு 116. உயர்கோணம்: சென்னைக்கு 68, யாழ்ப்பாணத்துக்கு 71, கொழும்புக்கு 72. எல்.என்.பி.யின் சுழற்சி: சென்னைக்கு 45, யாழ்ப்பாணத்துக்கு 54, கொழும்புக்கு 63. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சொல்லும் எண்ணும் இங்கே 9 பாகை பிழை. 60 சென்ரிமீற்றர் டிஷ் வானத்தில் பிடிக்கும் வட்டம் 3 பாகையளவே என்பதால், இந்தப் பிழையோடு நின்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

திசைக்கோணத்தைப் பார்க்கத் தொலைபேசித் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் அதை இழுத்துவிடும். தொலைபேசி வரைபடத்தில் உங்கள் கூரையிலிருந்து 116 பாகைக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கட்டடத்தையோ கோபுரத்தையோ அடையாளமாக எடுத்துக்கொள்வது நம்பகமானது.

உயர்கோணத்தில் இன்னொரு பொறி உண்டு. வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் சமிக்ஞையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பும் வகையைச் சேர்ந்தவை. ஆகையால் செய்மதி 72 பாகையில் இருந்தாலும் டிஷ்ஷின் முகம் பார்வைக்கு 48 பாகையளவே அண்ணாந்திருக்கும். தாங்கியில் அளவுக்கோடு பொறித்திருந்தால் அது இந்தக் கழிவைச் செய்தே பொறிக்கப்பட்டிருக்கும். அதில் 72ஐ வையுங்கள். கோடு இல்லாமல் டிஷ்ஷின் முகத்தைத் தொலைபேசியால் அளப்பவர்கள் 48ஐச் சுற்றித் தேடுங்கள். சில மலிவான தாங்கிகளின் துவாரம் அவ்வளவு தூரம் போகாது. சுவரில் துளையிடுமுன் தரையில் வைத்தே சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கோணத்தையே எல்லோரும் மறக்கிறார்கள். டிஷ்ஷுக்கு முன்னால் நின்று எல்.என்.பி.யைப் பாருங்கள். கேபிள் பூட்டும் முனை நேர் கீழே, கடிகாரத்தின் 6 மணி நிலையில் இருக்கும். அதை வலஞ்சுழியாகத் திருப்பி 8 மணிக்குச் சற்று மேலே கொண்டுவாருங்கள். பார்ப்பதற்குக் கோணலாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் நான் திருப்பி வைத்த எல்.என்.பி.யை, "வடிவில்லை" என்று அந்த வீட்டு ஐயா மறுநாளே நேராக்கிவிட்டார், படம் போய்விட்டது. பூமத்திய ரேகைக்கு நாங்கள் அருகில் இருப்பதாலும் செய்மதி எங்களுக்குக் கிழக்கே இருப்பதாலும் இந்தச் சுழற்சி இங்கே பெரிதாக இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் செங்குத்து அலையும் கிடை அலையும் ஒன்றோடொன்று கலந்து தரம் விழும்.

6. பலத்தை விட்டுத் தரத்தைப் பாருங்கள்

பெட்டியில் செய்மதி 93.5 கிழக்கு, எல்.என்.பி. யூனிவர்சல் 9750/10600 என்று வையுங்கள். தேடுவதற்கு 11090 மெகாஹேர்ட்ஸ், செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்ற அலையை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று பலம், மற்றது தரம். கேபிளைப் பூட்டி எல்.என்.பி.க்கு மின்சாரம் போனதுமே, டிஷ் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் பலம் 60, 70 என்று ஏறி நிற்கும். அது கருவி உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்கிறது. "70 வந்துவிட்டது, ஆனால் அலைவரிசை ஒன்றும் இல்லை" என்று என்னை அழைப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் பட்டையைத்தான். செய்மதியைப் பிடித்ததற்கு அடையாளம் தரப் பட்டை ஒன்றே.

உயர்கோணத்தை வைத்துவிட்டு, டிஷ்ஷை 116க்கு இடப்புறம் 10 பாகையிலிருந்து வலப்புறம் 10 பாகைவரை மெதுவாகத் திருப்புங்கள். விளிம்பு அரைச் சென்ரிமீற்றர் நகர்ந்தால் அது ஒரு பாகை. நகர்த்தி, கையை எடுத்து, நான்கு விநாடி காத்திருங்கள். பெட்டி சமிக்ஞையைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். நிறுத்தாமல் திருப்புபவர்கள் செய்மதியைக் கடந்து போய்விடுகிறார்கள். கீழே இருப்பவர் "வந்தது, வந்தது" என்று கத்தும்போது டிஷ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

தரம் எழுந்ததும் அங்கேயே முடுக்கிவிடாதீர்கள். உச்சம் எங்கே என்று தேட வேண்டும்: ஒரு பக்கம் தரம் இறங்கும்வரை போய், மறுபக்கமும் இறங்கும்வரை போய், இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். இதையே உயர்கோணத்துக்கும், பிறகு எல்.என்.பி.யின் சுழற்சிக்கும் செய்யுங்கள். கடைசியாக நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கினால் டிஷ் ஒரு பாகை திரும்பிவிடும்.

தேடி முடித்த பட்டியலில் எல்லாமே பூட்டுக் குறியோடு இருந்தால் நீங்கள் பிடித்தது அயல் செய்மதியாக இருக்கலாம். 91.5இலும் 95இலும் கட்டணச் சேவைகளைச் சுமக்கும் செய்மதிகள் உள்ளன. டிடி தமிழ் பூட்டின்றித் திறக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

7. கேபிளை வீட்டுக்குள் கொண்டுவருதல்

கனெக்டருக்குள் வெளிவலையின் ஒரு மெல்லிய நூல் நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், பெட்டி எல்.என்.பி.க்கு மின்சாரம் கொடுக்க மறுக்கும். வெட்டியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்.என்.பி.க்கு அருகில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி அம்மா ஒருவர், டிஜிட்டல் இரவில் வேலை செய்யாது என்று உறுதியாக நம்பியிருந்தார். பகலில் படம் கண்ணாடி போல் இருக்கும், இரவானால் உடையும். டிஷ்ஷை இரண்டு பேர் வந்து திருப்பிவிட்டுப் போயிருந்தார்கள். படம் உடையும் நேரத்தை நான்கு நாட்கள் எழுதிவைக்கச் சொன்னேன். நான்கு நாளும் ஆறரைக்குச் சற்றுப் பின். அது நுளம்பு வருகிறதென்று அவர் பல்கனியின் சறுக்குக் கதவை மூடும் நேரம். கதவுச் சட்டத்தின் அடியில் கேபிள் தட்டையாக நசுங்கி, அலுமினியத்தின் விளிம்பு அதில் பல் பதிந்தாற்போல் பதிந்திருந்தது. கதவின் மூலையில் சிறு துளையிட்டுப் புதிய கேபிளைக் கொண்டுவந்ததும் இரவும் பகலும் ஒன்றாயின.

8. ஒரு டிஷ்ஷைப் பல வீடுகள் பகிர்ந்தால்

சாதாரண ஸ்பிளிட்டரைப் போட்டு இரண்டு பெட்டிகளுக்குப் பிரிக்காதீர்கள். செங்குத்து அலைக்கு 13 வோல்ட்டும் கிடை அலைக்கு 18 வோல்ட்டும் பெட்டியே மேலே அனுப்புகிறது. இரண்டு பெட்டிகள் இரண்டு கட்டளை அனுப்பினால் ஒரு வீட்டின் தெரிவு மற்ற வீட்டின் படத்தைப் போக்கிவிடும். இரண்டு அல்லது நான்கு வாசல் உள்ள எல்.என்.பி.யை வாங்கி, வீட்டுக்கு ஒரு கேபிள் விடுங்கள். அயலவர்களுக்கிடையில் மனத்தாங்கல் வந்த இரண்டு இடங்களில் இதைச் செய்த பிறகுதான் பேச்சு வார்த்தை சீரானது.

9. மழை, இடி, வெயில், காகம்

கடும் மழையில் படம் சில நிமிடங்கள் போவது இந்த வகை அலைகளுக்கு இயல்பானது. செய்மதி தலைக்கு மேல் இருப்பதால், உங்கள் பகுதிக்கு மேல் பெய்யும் மழையே பாதிக்கும். தூறலுக்கே படம் போனால் உச்சம் சரியாகப் பிடிக்கப்படவில்லை. 6ஆம் படிக்குத் திரும்புங்கள். மழை விட்டு ஒரு மணித்தியாலமாகியும் படம் வராவிட்டால் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழைக்கு முன் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் இறுதியிலும், முற்பகல் 11 மணியளவில், சில நாட்களுக்குச் சில நிமிடங்கள் படம் போகும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதால் அதன் இரைச்சல் சமிக்ஞையை மூடிவிடுகிறது. எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் கூரைக்குப் போனால், எல்.என்.பி.யின் நிழல் விழும் இடத்தைச் சோக்கினால் குறித்து வைக்கலாம். டிஷ் பிறகு அசைந்திருக்கிறதா என்று அறிய வருடத்தில் இருமுறை இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல் இது.

காகங்கள் எல்.என்.பி.யின் கையில் வந்து அமர்வது அதை மெல்ல மெல்லக் கீழே இறக்கிவிடும். கைத்தாங்கியின் போல்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

10. குறைகளை எழுதிவைத்த பின் கூட்டத்தில் பேசுங்கள்

தொடர்மாடிக் கூட்டங்களில் பொது டிஷ் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தால், உரத்துப் பேசும் ஒருவரின் அனுபவமே எல்லோருடைய கருத்தாகிவிடுகிறது. அவர் வீட்டுக் கனெக்டர் ஈரமானதற்காக இருபது வீடுகள் வாய்ப்பை இழப்பது நியாயமல்ல. ஆகையால் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஏற்கெனவே டிஷ் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு தாள் கொடுங்கள். திகதி, நேரம், மழை உண்டா இல்லையா, அலைவரிசையின் பெயர், படம் உறைந்ததா, உடைந்ததா, கறுப்பானதா, அப்போது தரப் பட்டையில் இருந்த எண் ஆகியவற்றை எழுதினால் போதும்.

மாத இறுதியில் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போயிருந்தால் மழையோ ஒளிபரப்போ காரணம். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டின் கேபிள். ஓர் அலைவரிசை மட்டும் எல்லா வீட்டிலும் இல்லையென்றால் அது சேவையிலிருந்து நீங்கியிருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம். மறுபடி ஸ்கான் செய்தால் தெரியும்.

"பிடிக்கவில்லை" என்ற கருத்தையும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். படம் உடைவது பிடிக்கவில்லையா, வரும் அலைவரிசைகள் பிடிக்கவில்லையா? முதலாவதற்கு மேலுள்ள படிகளில் மருந்து உண்டு. இரண்டாவதற்கு எந்த டிஷ்ஷும் மருந்தாகாது. அந்த வீட்டாருடைய மறுப்பை அப்படியே மதித்து, செலவுப் பங்கில் அவர்களைச் சேர்க்காமல் விடுங்கள். முதியவர்கள் தனியே இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்பது நல்லது. அவர்கள் தாளை நிரப்ப மாட்டார்கள், ஆனால் நாள் முழுவதும் தொலைக்காட்சி ஓடும் வீடு அவர்களுடையதுதான். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை எல்லோரையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

வேலை முடிந்த நாளில், வெயிலில் கிடைத்த உச்சத் தர எண்ணையும் திகதியையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். வெவ்வேறு கம்பனிப் பெட்டிகளின் எண்களை ஒப்பிட முடியாது. அதே பெட்டியின் பழைய எண்ணோடுதான் ஒப்பிடலாம். அடுத்த முறை திருத்த வருபவர் முதலில் தேட வேண்டியது அந்தத் தாளைத்தான்.